புயலின் பலத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள், பிறகு எப்படித் திருத்துகிறார்கள்: முழுமையான வழிகாட்டி

1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவில் கரையைக் கடந்தது. மணிக்கு 145 மைல் வேகம், நான்காம் வகை என்று பதிவு செய்தார்கள். (அமெரிக்காவில் காற்றின் வேகத்தை வைத்துப் புயல்களை ஒன்று முதல் ஐந்து வரை வகைப்படுத்துவார்கள்; ஐந்துதான் உச்சம்.) பத்து ஆண்டுகள் கழித்து, 2002 ஆகஸ்டில், அதே புயலை 165 மைல் வேகம், ஐந்தாம் வகை என்று திருத்தினார்கள். ஓய்ந்துபோன புயல் பத்து வருடத்தில் பலம் கூடுமா? கூடாது. விமானம் மேலே அளந்த காற்றைக் கடல்மட்டக் காற்றாக மாற்றும் கணக்குதான் மாறியது.

செய்தியில் வரும் "மணிக்கு இத்தனை கிலோமீட்டர்" என்ற எண்ணை, யாரோ ஒரு கருவியை நீட்டி அளந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான புயல்களில் அப்படி ஓர் அளவீடே கிடையாது. அந்த எண், கிடைத்த சாட்சியங்களை வைத்து ஒருவர் சொல்லும் தீர்ப்பு. நீதிமன்றத் தீர்ப்பு போலவே அதற்கும் மேல்முறையீடு உண்டு. அந்தத் தீர்ப்பு எப்படி உருவாகிறது, எப்படித் திருத்தப்படுகிறது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். புயல் படங்களைப் பின்தொடர்பவர்கள், வானிலை படிக்கும் மாணவர்கள் தாங்களே ஒரு மதிப்பீட்டைச் செய்து பார்க்க இது போதும்.

படி 1: எதை மதிப்பிடுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புயலின் பலம் என்பது அதன் பரப்பும் அல்ல, அது கொட்டும் மழையும் அல்ல. கடல்மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயரத்தில், தடையில்லாத இடத்தில், புயலில் எங்காவது வீசும் அதிகபட்ச நீடித்த காற்றின் வேகம்தான் பலம். "எங்காவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த உச்சக் காற்று வீசும் இடம் கண்சுவரின், அதாவது புயலின் கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரின், ஒரு பக்கத்தில் சில கிலோமீட்டர் அகலத் துண்டாக இருக்கலாம். சரியாக அந்தத் துண்டில் ஒரு கருவி இருப்பது அபூர்வம்.

அடுத்து, "நீடித்த" என்றால் எவ்வளவு நேரம்? சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அமெரிக்க மையங்கள் 1 நிமிடச் சராசரி எடுக்கின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடம். ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் 10 நிமிடம். உலக வானிலை அமைப்பின் தரமும் அதுதான். சீனா 2 நிமிடம். நேரம் கூடக் கூட உச்சங்கள் மழுங்கி, எண் குறையும். கடலுக்கு மேல் 1 நிமிட வேகத்தை 0.93ஆல் பெருக்கினால் தோராயமாக 10 நிமிட வேகம் வரும் என்பது இப்போதைய பரிந்துரை. முன்பு 0.88 என்று வைத்திருந்தார்கள்.

இதை மட்டும் வைத்து எல்லா வேறுபாட்டையும் விளக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2013இல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் புயலுக்கு அமெரிக்க ராணுவத்தின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் கொடுத்த உச்சம் 170 நாட். ஜப்பான் வானிலை முகமை கொடுத்தது 125 நாட். 170ஐ 0.93ஆல் பெருக்கிப் பாருங்கள்: 158. பழைய 0.88ஆல் பெருக்கினாலும் 150. மிச்சம் 25 நாட் எங்கே போனது? செயற்கைக்கோள் படத்தைக் காற்று வேகமாக மாற்ற இரு மையங்களும் வெவ்வேறு அட்டவணைகளை வைத்திருக்கின்றன. ஆகவே இரண்டு மையங்களின் எண்களை அருகருகே வைத்து "எது பெரிய புயல்" என்று சண்டை போடுவதில் பொருளில்லை. ஒரே மையத்தின் எண்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

(ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. இனி பெரும்பாலும் வேகத்தை நாட் கணக்கிலேயே சொல்கிறேன்; துறையில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.)

படி 2: மையத்தைக் கண்டுபிடியுங்கள்

மையம் தவறினால் அதன்பின் செய்யும் எல்லாமே தவறும். கண் தெரிகிற புயலில் இது எளிது. கண் இல்லாத, மேகம் மூடிய புயலில் கடினம். ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பத்துப் பதினைந்து படங்களை ஓடவிட்டு, தாழ்வான மேகங்கள் எதைச் சுற்றுகின்றன என்று பாருங்கள். மேலே உள்ள வெள்ளைக் குடை ஒரு பக்கம் போகும். கீழே உள்ள சுழற்சி வேறு பக்கம் இருக்கும். குடையின் நடுவை மையம் என்று எடுத்துக்கொள்வதுதான் புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் செய்யும் பிழை. இரவில் அகச்சிவப்புப் படம் மட்டுமே இருக்கும்போது அனுபவசாலிகளும் இதில் ஏமாறுவது உண்டு.

படி 3: டுவோராக் முறையில் படத்தைப் படியுங்கள்

உலகின் பெரும்பாலான புயல்களுக்கு இதுதான் முதன்மைச் சாட்சி, சில கடல்களில் ஒரே சாட்சியும் இதுதான். அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டுவோராக் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கி, 1975இல் ஆய்விதழில் வெளியிட்டு, 1984இல் அகச்சிவப்புப் படங்களுக்கும் விரிவாக்கிய முறை. அடிப்படை எண்ணம் எளிமையானது: புயலின் பலமும் அதன் மேக அமைப்பும் சேர்ந்தே வளர்கின்றன, ஆகவே மேகத்தின் வடிவத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்லலாம். படத்தில் காற்றே தெரியாது. ஆனாலும் ஐம்பது வருடமாக இந்த முறை தாக்குப்பிடிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

முடிவில் கிடைப்பது டி எண். 1 முதல் 8 வரை, அரை அரையாக ஏறும். 2.5 என்றால் 35 நாட், 3.5 என்றால் 55, 4.0 என்றால் 65, 5.0க்கு 90, 6.0க்கு 115, 7.0க்கு 140, 8.0க்கு 170. மேலே போகப் போக ஒவ்வொரு அரைப் படியும் பெரிதாவதைக் கவனியுங்கள். 7.5க்கும் 8.0க்கும் இடையே மட்டும் 15 நாட் இருக்கிறது. கடும் புயல்களில் அரைப் படி தவறினாலே வகை மாறிவிடும்.

முதலில் வடிவத்தை அடையாளம் காண வேண்டும். வளைந்த பட்டையா, மேலடுக்குக் காற்றால் ஒருபக்கம் தள்ளப்பட்ட மேகமா, நடுவில் திரண்ட வட்டக் குடையா, தெளிவான கண்ணா? வளைந்த பட்டை என்றால், ஒரு சுருள்கோட்டை அதன்மேல் பொருத்தி, பட்டை மையத்தை எவ்வளவு சுற்றுகிறது என்று வட்டத்தின் பத்தில் பங்குகளாக எண்ணுவார்கள். அகச்சிவப்புப் படத்தில் பாதி வட்டம் சுற்றினால் 2.5, ஏறக்குறைய முழு வட்டம் என்றால் 3.5.

கண் உள்ள புயலை ஒருமுறை கையால் செய்து பார்ப்போம். அகச்சிவப்புப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வெப்பநிலை. மேகம் உயரமானால் அதன் உச்சி குளிரும். டுவோராக் இந்த வெப்பநிலைகளைக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறப் படிகளாகப் பிரித்தார். மைனஸ் 64 முதல் 69 டிகிரி வரை கறுப்பு. மைனஸ் 70 முதல் 75 வரை வெள்ளை. அதற்கும் கீழே மறுபடி சாம்பல். நம் படத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை நிற வளையம் எங்கும் அறுபடாமல் மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மிக ஒடுங்கிய இடத்தை அளக்கிறோம். அகலம் அரை டிகிரி அட்சரேகைக்கு, அதாவது சுமார் 55 கி.மீ.க்குக் குறையவில்லை. அப்படியானால் கண் எண் 6.0. ஓரிடத்தில் வளையம் அறுந்திருந்தால் இந்த 6.0 கிடைக்காது, அடுத்த, கொஞ்சம் சூடான நிறத்துக்கு இறங்க வேண்டும். சிறந்த இடத்தை விட்டுவிட்டு மோசமான இடத்தை அளப்பது ஏன்? பலவீனமான பக்கமும் அவ்வளவு குளிர்ந்திருந்தால்தான் புயல் முழுவதும் ஒழுங்குபட்டிருக்கிறது என்று நம்பலாம்.

இப்போது கண்ணுக்குள் பாருங்கள். அங்கே 9 டிகிரிக்கு மேல், பிளஸ் பக்கம், சூடாக இருந்தால் 1.0 சேர்க்க வேண்டும். கண் அவ்வளவு சூடாகாமல் பிளஸ் 9க்குக் கீழே லேசாக மங்கியிருந்தால் 0.5 மட்டும். கண்ணுக்குள் காற்று கீழிறங்கி வெப்பமாவதால்தான் இந்தச் சூடு. கண்ணுக்கும் வளையத்துக்கும் வெப்ப வேறுபாடு கூடக் கூடப் புயல் பலமானது. நம் புயலுக்கு 6.0உடன் 1.0 சேர்த்து 7.0. காற்று 140 நாட்.

வேலை முடியவில்லை. இது படம் சொல்லும் எண் மட்டும். நேற்று இதே நேரம் புயல் எப்படி இருந்தது, வளர்கிறதா, தளர்கிறதா என்று பார்த்து இன்னொரு எதிர்பார்ப்பு எண் போடுவார்கள்: வழக்கமான வளர்ச்சி ஒரு நாளைக்கு 1.0, வேகமானது 1.5, மந்தமானது 0.5. படத்தின் எண் தெளிவாக இருந்தால் அதற்கே முன்னுரிமை. படம் குழப்பமாக இருந்தால் எதிர்பார்ப்பு எண்ணைச் சார்ந்து நிற்பார்கள். ஒரே படத்தைப் பார்த்துத் துள்ளிவிடாமல் இருக்க வரம்புகளும் உண்டு: பலமான புயலில் 6 மணி நேரத்தில் 1.0க்கு மேல், 24 மணி நேரத்தில் 2.5க்கு மேல் எண்ணை மாற்றக் கூடாது.

அப்புறம், தளரும் புயலுக்கான விதி. மேகம் கலைந்தவுடன் கடல்மட்டக் காற்று உடனே விழுந்துவிடாது. சுழலும் ராட்டினத்தைத் தள்ளுவதை நிறுத்தினாலும் அது கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் டி எண் இறங்கினாலும், காற்றைத் தீர்மானிக்கும், புயலின் நடப்புப் பலத்துக்கான எண்ணைச் சில மணி நேரம் பழைய இடத்திலேயே வைத்திருப்பார்கள். மூல விதியில் அது 12 மணி நேரம். நம் 7.0 புயல் ஆறு மணி நேரத்தில் படத்தில் 6.0 ஆகிவிட்டாலும், காற்று இன்னும் 140 நாட் என்றே அறிவிக்கப்படும். கரையோரம் இருப்பவர்களுக்கு இந்த விதி முக்கியமானது. படத்தில் புயல் கந்தலாகத் தெரிகிறதே என்று யாரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

எவ்வளவு நம்பலாம்? அட்லாண்டிக்கில் விமான அளவீடுகளோடு ஒப்பிட்டபோது, டுவோராக் மதிப்பீடுகளில் பாதி 5 நாட் வித்தியாசத்துக்குள் பொருந்தின. பத்தில் ஒன்று 18 நாட் அளவுக்கும் மேல் தவறியது. நல்ல முறைதான், ஆனால் அந்தப் பத்தில் ஒன்று எந்தப் புயல் என்று முன்கூட்டியே தெரியாது.

எங்கே தவறும் என்று மட்டும் ஓரளவு தெரியும். 2005 அக்டோபரில் வில்மா புயலின் கண் சுமார் 3.7 கி.மீ. விட்டத்துக்குச் சுருங்கியது. அதன் மையக் காற்றழுத்தம் 882 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு; மையத்தில் எண் குறையக் குறையப் பொதுவாகப் புயல் பலமானது), அட்லாண்டிக்கில் இதுவரை பதிவானதில் மிகக் குறைவு. அன்றைய செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் புள்ளி ஒன்றின் அகலம் 4 கி.மீ. அதாவது முழுக் கண்ணும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அந்தப் புள்ளியில் கண்ணின் சூடும் சுவரின் குளிரும் கலந்து, கண் உண்மையைவிடக் குளிர்ந்ததாகத் தெரியும், எண்ணும் குறையும். இப்போதைய புவிநிலைச் செயற்கைக்கோள்கள் 2 கி.மீ. வரை பார்க்கின்றன. ஊசித் துளைக் கண்ணைக் கண்டால் இன்றும் எச்சரிக்கையாக இருங்கள்.

இதே முறையைக் கணினி தானாகச் செய்வதும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான மேம்பட்ட டுவோராக் முறை, ஒவ்வொரு படத்துக்கும் மனிதக் கை படாமல் எண் கொடுக்கிறது. அது சோர்வடையாது, பாரபட்சம் காட்டாது. ஆனால் மையத்தைத் தவறாகப் பிடித்தால் அதே தவறை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும்.

படி 4: மேகத்துக்குள் எட்டிப் பாருங்கள்

அகச்சிவப்புப் படம் மேகத்தின் கூரையை மட்டும் காட்டும். நுண்ணலை வாங்கிகள் கூரைக்கு அடியில் உள்ள மழைப் பட்டைகளைக் காட்டும். குடைக்குள் மறைந்திருக்கும் கண் இதில் தெரிந்துவிடும். கடும் புயல்களில் சில நேரம் பழைய கண்சுவருக்கு வெளியே இன்னொரு சுவர் உருவாகி, உள்ளே உள்ளதை விழுங்கும். அப்போது காற்று தளரும்; கூரை மட்டும் பழையபடி அழகாகவே இருக்கும். நுண்ணலைப் படத்தில் இரட்டை வளையம் தெரிந்தால், டுவோராக் எண் அதிகம் சொல்கிறது என்று சந்தேகப்படுங்கள். இந்தச் செயற்கைக்கோள்கள் துருவச் சுற்றில் ஓடுவதால், தேவையான நேரத்தில் புயலின் மேல் வர வேண்டும் என்பதுதான் குறை.

நுண்ணலையின் இன்னொரு வகை, புயலின் மேற்பகுதியில் உள்ள சூடான உள்ளகத்தை அளக்கிறது. அது எவ்வளவு சூடோ அவ்வளவு அழுத்தம் குறைவு. கடல் பரப்பின் சொரசொரப்பை ரேடார் அலையால் அளந்து காற்றைச் சொல்லும் சிதறல்மானிகளும் உண்டு. ஐரோப்பாவின் மெட்ஆப், இந்தியாவின் ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களில் இவை இருக்கின்றன. பலவீனமான புயல்களுக்கு, மேலும் காற்று எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு, இவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. கடும் புயலின் உச்சத்தைக் கேட்டால் மட்டும் குறைத்தே சொல்லும். செயற்கைத் துளை ரேடார் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நுணுக்கமாகக் கண்சுவரையே படம்பிடிக்கிறது; சென்டினல் 1, ராடார்சாட் போன்ற செயற்கைக்கோள்கள் அப்படி எடுத்த படங்கள் வந்த பிறகு பல புயல்களின் மதிப்பீடே மாறியிருக்கிறது.

படி 5: விமானம் போயிருந்தால் அதற்கே முதல் மரியாதை

1943 ஜூலை 27 அன்று, டெக்சாஸ் கரையோரம், அமெரிக்க ராணுவ விமானி ஜோசப் டக்வொர்த் ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தில் புயலின் கண்ணுக்குள் வேண்டுமென்றே பறந்து திரும்பினார். அதுதான் ஆரம்பம். இன்று அட்லாண்டிக்கில் அமெரிக்க விமானப்படையின் சி 130 வகை விமானங்களும், அந்நாட்டின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் பி 3 விமானங்களும் இந்த வேலையைச் செய்கின்றன. மேற்குப் பசிபிக்கில் வழக்கமான உளவுப் பறப்பு 1987இல் நின்றுபோனது. இந்தியப் பெருங்கடலில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. உலகின் மிகப் பலமான புயல்கள் அதிகம் உருவாகும் கடலில்தான் நேரடி அளவீடு மிகக் குறைவு என்பது வருத்தமான நிலை.

விமானம் பலமான புயலில் பொதுவாக 700 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தில், ஏறக்குறைய 3 கி.மீ. உயரத்தில், மையத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிப் பறக்கும். மூன்று விதமான சாட்சியங்கள் கிடைக்கும்.

ஒன்று, பறக்கும் மட்டத்துக் காற்று. அதைக் கடல்மட்டத்துக்குக் கொண்டுவர ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 700 மட்டத்தில் பறந்தால் 0.90, அதைவிடத் தாழ்வான 850 மட்டம் என்றால் 0.80, இன்னும் தாழ்வான 925 என்றால் 0.75. ஆண்ட்ரூவின் கதை முழுக்க இந்தக் காரணியில்தான் இருக்கிறது. 1992இல் மேலே அளந்ததில் முக்கால் பங்கு அல்லது கொஞ்சம் அதிகம்தான் கீழே வரும் என்று எடுத்துக்கொண்டார்கள். 1997 முதல் ஜி.பி.எஸ். பொருத்திய விழுகருவிகளைக் கண்சுவருக்குள்ளேயே போட ஆரம்பித்தபின், அங்கே 90 சதவீதம் கீழே வருகிறது என்று தெரிந்தது. அதைப் பழைய பதிவில் வைத்துப் பார்த்தபோது ஆண்ட்ரூ ஐந்தாம் வகைக்குப் போனது.

இரண்டு, அந்த விழுகருவி. சுமார் 40 செ.மீ. நீளம், 7 செ.மீ. விட்டம், 400 கிராம் எடையுள்ள ஓர் அட்டைக் குழாய். தலையில் சின்ன பாராசூட். மூன்று நான்கு நிமிடத்தில் கடலில் விழும் வரை, நொடிக்குப் பலமுறை அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே போகும். கடலைத் தொடும் நொடியில் அது சொல்லும் காற்று ஒரு கணத்துக் குத்துக்காற்று. அதை அப்படியே நீடித்த காற்றாக எடுக்கக் கூடாது. கடைசி 150 மீட்டரின் சராசரியை எடுத்து அதைக் கீழே இறக்குவார்கள். அழுத்தத்திலும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு: கருவி கண்ணின் சரியான நடுவில் விழுவதில்லை, ஆகவே அது விழுந்த இடத்தில் வீசிய ஒவ்வொரு 10 நாட் காற்றுக்கும் 1 ஹெக்டோபாஸ்கல் கழிப்பார்கள். 922 என்று காட்டி, அங்கே 20 நாட் காற்று இருந்தால், மைய அழுத்தம் 920.

மூன்று, நுரை. பலத்த காற்றில் கடல் வெள்ளை நுரையாகக் கொதிக்கும். நுரை கூடினால் கடல் பரப்பிலிருந்து வரும் நுண்ணலைக் கதிர்வீச்சும் கூடும். இறக்கையில் பொருத்திய படிநிலை அதிர்வெண் கதிர்மானி அதை அளந்து கடல்மட்டக் காற்றைச் சொல்லும். ஆழமில்லாத கடலில் அலை உடையும் இடத்தில் இது ஏமாறும். மிக உயர்ந்த வேகங்களில் அது கூடுதலாகச் சொல்கிறதோ என்று அண்மை ஆண்டுகளில் சந்தேகம் எழுந்து, மறுபடி சரிபார்க்கிறார்கள்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: 700 மட்டத்தில் 130 நாட் அளந்தார்கள், 0.90ஆல் பெருக்க 117. நுரைக் கருவி 112 என்கிறது. விழுகருவியின் கீழடுக்குச் சராசரியிலிருந்து வந்தது 118. முன்னறிவிப்பாளர் 115 என்று எழுதுவார். எண்கள் 5இன் மடங்கில்தான் வரும்; 117 என்று எழுதினால் நமக்கு இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டியதாகிவிடும்.

படி 6: தரையும் கடலும் சொல்வதைக் கேளுங்கள், தரம் பார்த்து

கப்பல், மிதவை, கரையோர நிலையம் எல்லாம் நல்ல சாட்சிகளே. கேட்க வேண்டிய கேள்விகள்: காற்றுமானி எந்த உயரத்தில் இருந்தது? சுற்றிலும் கட்டடமா, மரமா? எத்தனை நிமிடச் சராசரி? உச்சம் வரும்வரை மின்சாரம் இருந்ததா, கம்பம் நின்றதா? கடும் புயல்களில் கருவி உச்சத்துக்கு முன்பே ஓய்ந்துவிடுவது வழக்கம். அப்போது அது காட்டிய கடைசி எண்ணை "குறைந்தது இவ்வளவு" என்றுதான் படிக்க வேண்டும். கரையோர டாப்ளர் ரேடாரும் உதவும். தூரம் கூடக் கூட அதன் கற்றை உயரத்தில் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

குத்துக்காற்றைப் பலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1996 ஏப்ரல் 10 அன்று ஒலிவியா புயலின்போது ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒரு காற்றுமானி மணிக்கு 408 கி.மீ. என்று பதிவு செய்தது. முதலில் யாரும் நம்பவில்லை. உலக வானிலை அமைப்பு ஆராய்ந்து 2010இல்தான் அதை உலகச் சாதனையாக ஏற்றது. ஆனால் ஒலிவியா உலகின் மிகப் பலமான புயல் இல்லை. கண்சுவருக்குள் ஓடிய ஒரு சின்னச் சுழல் அந்தக் கருவியின் மேல் போயிருக்கிறது.

படி 7: அழுத்தத்தால் சரிபாருங்கள்

மைய அழுத்தம் காற்றைவிட எளிதாக, நம்பிக்கையாக அளக்கக் கூடியது. வெளிப்புற அழுத்தத்துக்கும் மைய அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து காற்றைக் கணிக்கப் பல சூத்திரங்கள் இருக்கின்றன. வட இந்தியப் பெருங்கடலுக்கு மிஸ்ராவும் குப்தாவும் 1976இல் தந்தது இன்றும் பயன்படுகிறது: அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தை 14.2ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் காற்று வரும். 1999 அக்டோபர் ஒடிசா சூப்பர் புயலில் வைத்துப் பாருங்கள். மைய அழுத்தம் 912, வெளியே 1010, வேறுபாடு 98. அதன் வர்க்கமூலம் 9.9. 14.2ஆல் பெருக்க 140 நாட். டுவோராக் எண் 7.0 தரும் வேகமும் அதே 140. இரண்டும் பொருந்தியது மகிழ்ச்சிதான், ஆனால் இதை இரண்டு தனித்தனிச் சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். அழுத்தத்தையே டுவோராக் எண்ணிலிருந்து கணித்திருந்தால், அது ஒரே சாட்சி இரண்டு முறை பேசியதுதான்.

சூத்திரம் ஒரு சராசரி. பெரிய, பரந்த புயல் அதே அழுத்தத்தில் குறைந்த காற்று வீசும். சின்னக் கெட்டிப் புயல் அதிகம் வீசும். அட்சரேகை, நகரும் வேகம், சுற்றுப்புற அழுத்தம் எல்லாம் கணக்கை மாற்றும். நாஃபும் ஜேரும் 2007இல் வெளியிட்ட முறை இவற்றையும் சேர்த்துக்கொள்கிறது.

படி 8: தீர்ப்பு எழுதுங்கள்

ஒரு மையத்தின் டுவோராக் 5.5, அதாவது 102 நாட். இன்னொன்று 6.0, அதாவது 115. கணினி 5.8. எல்லாச் செயற்கைக்கோள் முறைகளையும் அவற்றின் பழைய பிழை அளவுக்கேற்ப எடையிட்டுச் சேர்க்கும் கூட்டு மதிப்பீடு 108. விமானம் இல்லை. நீங்கள் என்ன எழுதுவீர்கள்? 110 என்றால் நான் மறுக்க மாட்டேன். 105 என்றாலும் மறுக்க முடியாது. இதுவே, மூன்று மணி நேரமாகக் கண் தெளிந்துகொண்டே வருகிறது என்றால் நான் மேல்பக்கம் சாய்வேன்.

உங்கள் விடையை ஒரு முறையாவது அதிகாரபூர்வ அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அமெரிக்கத் தேசியப் புயல் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடும் கலந்துரைக் குறிப்பில், எந்தச் சாட்சியை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்று காரணத்தோடு எழுதியிருக்கும். மதிப்பீடு பழக இதைவிட நல்ல பாடம் இல்லை.

படி 9: பருவம் முடிந்தபின் மறுபடி உட்காருங்கள்

புயல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, தூக்கத்தோடு, பாதிச் சாட்சியை வைத்துச் சொன்ன எண் அது. பிறகு ஆற அமரப் பார்ப்பார்கள். தாமதமாக வந்த கப்பல் குறிப்புகள், தரையில் மீட்ட கருவிகள், தரம் பார்த்த விமானத் தரவு எல்லாவற்றையும் சேர்த்து, 6 மணி நேரத்துக்கு ஒரு புள்ளியாகப் புயலின் முழுப் பாதையையும் பலத்தையும் எழுதுவதுதான் பெஸ்ட் டிராக் எனப்படும் இறுதிப் பதிவு. இதில் வந்த பெரிய திருத்தங்களில் ஒன்று 2018இன் மைக்கேல். அக்டோபர் 10 அன்று கரையைக் கடந்தபோது மணிக்கு 155 மைல் என்றார்கள். ஐந்தாம் வகைக்கு ஒரு நூல் குறைவு. 2019 ஏப்ரலில் 160 ஆக்கினார்கள். வித்தியாசம் 5 மைல்தான், பிழை வரம்புக்குள் அடங்குகிற அளவு. ஆனாலும் வகையைப் பிரிக்கும் கோடு அங்கே இருந்ததால் தலைப்புச் செய்தியானது. 2015இன் பட்ரீசியா புயலை மணிக்கு 200 மைலிலிருந்து 215க்கு உயர்த்தினார்கள். மைய அழுத்தம் 872. விமானம் உச்ச நேரத்தில் உள்ளே இல்லை. அதன் முன்னும் பின்னும் கிடைத்த அளவுகளையும் படங்களையும் இணைத்துத்தான் அந்த உச்சத்தைக் கண்டார்கள்.

திருத்தம் எப்போதும் மேலே மட்டும் போகாது. 1969இன் கமில் புயல் நெடுங்காலம் மணிக்கு 190 மைல் என்று நின்றது. 2014இல் அதை 175 ஆகக் குறைத்தார்கள். அழுத்தம் 900 என்று திருத்தப்பட்டது.

படி 10: பழைய பதிவைத் திறக்கும்போது அந்தக் காலத்துக் கண்ணால் பாருங்கள்

அட்லாண்டிக் பட்டியல் 1851இலிருந்து தொடங்குகிறது. அப்போது விமானமும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. கிறிஸ் லேண்ட்சீ தலைமையிலான மறுஆய்வுத் திட்டம் அந்தப் புயல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது. கப்பல்களின் நாட்குறிப்பு, துறைமுகப் பாரமானி, நாளிதழ்ச் செய்தி இவைதான் சாட்சி. ஒரு கப்பல் 960 ஹெக்டோபாஸ்கல் பார்த்தது என்றால், அது மையத்தில் நின்றதா என்று தெரியாது. மைய அழுத்தம் 960 அல்லது அதற்கும் கீழே என்று மட்டும் எழுதலாம். கரையில் கருவி இல்லாமல் உள்நாட்டில் இருந்தால், நிலத்தில் காற்று எவ்வளவு வேகமாகத் தளரும் என்ற கணக்கை வைத்துப் பின்னோக்கிப் போவார்கள். 1935இன் தொழிலாளர் தினப் புயலில் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் ஒரு பாரமானி 26.35 அங்குலம் காட்டியது. அந்தக் கருவியையே வாஷிங்டனுக்கு அனுப்பிச் சோதித்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள். அந்த 892 ஹெக்டோபாஸ்கலின் மேல்தான் 160 நாட் என்ற இன்றைய மதிப்பீடு நிற்கிறது.

பழையதும் புதியதும் வேறு வேறு கருவியால் பார்த்தவை என்பதால், "புயல்கள் பலமாகிக்கொண்டு வருகின்றனவா" என்ற கேள்விக்கு இந்தப் பட்டியலை மட்டும் வைத்து விடை சொல்வது ஆபத்து. பார்வை கூர்மையானதால் மட்டுமே எண்கள் ஏறியிருக்கலாம். ஜேம்ஸ் காசினும் உடன் ஆய்வாளர்களும் இதற்குச் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. 1979 முதல் 2017 வரையிலான படங்கள் அனைத்தையும், புதிய கூர்மையான படங்களையும் சேர்த்து, வேண்டுமென்றே 8 கி.மீ. அளவுக்கு மங்கலாக்கினார்கள். பிறகு ஒரே தானியங்கி டுவோராக் முறையை எல்லாவற்றின் மேலும் ஓட்டினார்கள். நல்ல தரவைக் கெடுத்ததால்தான் பழையதையும் புதியதையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. 2020இல் வெளியான விடை: ஒரு புயல் மூன்றாம் வகைக்கோ அதற்கு மேலோ இருக்கும் வாய்ப்பு, பத்தாண்டுக்குச் சுமார் 8 சதவீதம் கூடியிருக்கிறது.

நீங்களும் தொடங்கலாம். ஐப்டிராக்ஸ் என்ற பொதுத் தரவுத் தொகுப்பில் உலகின் எல்லாப் புயல்களும், ஒவ்வொரு மையம் கொடுத்த எண்ணும் தனித்தனிப் பத்தியில், இலவசமாகக் கிடைக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த ஒரு புயலை எடுங்கள். முதலில் எந்தப் பத்தி எத்தனை நிமிடச் சராசரி என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்து அகச்சிவப்புப் படத்தைத் தேடி எடுத்து, மேலே சொன்ன வளையக் கணக்கைப் போடுங்கள். பத்தியில் உள்ள எண்ணை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். முன்பே பார்த்துவிட்டால் உங்கள் கை தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.